புஷ்பராணி அக்காவை உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்

லிஜி செல்லம்,

நேற்று நீ கட்டிலை விட்டுக்கொடுத்த புஷ்பராணி அக்கா இன்னும் தூங்குகிறாள். வேலை பார்த்த வீட்டில் அடி தாங்காமல் ஓடி வந்தவள், தூங்கட்டும். இன்று தொழுகைக்கு முன் அவள் பாஸ்போர்ட்டைத் தருவதாக, அவளுக்கு விசா எடுத்த கஃபீல் ஒத்துக்கொண்டிருக்கிறார். கனகா ஆன்ட்டியும் நானும் வாங்கப் போகிறோம்.

புட்டு ஹாட்பாக்ஸில், பழம் ஃப்ரிட்ஜ் மேல். நீ சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா சாப்பிட மாட்டாள், அடுக்களையில் நின்றுகொண்டே இருப்பாள். அந்த வீட்டில் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, நீயும் கூட உட்கார்ந்து சாப்பிடு. உன் தட்டைக் கழுவ வருவாள், விடாதே. யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே. சாவி என்னிடம் இருக்கிறது.

நேற்று சோபாவில் படுக்கும்போது, "நானும் எங்கேயாவது ஓடிப்போனாத்தான் எங்கூட உட்காருவியாம்மா?" என்று கேட்டாய். நான் விளக்கை அணைத்துவிட்டேன். கோபம் இல்லை மக்களே. அப்பா இறந்த பிறகு நமக்கென்று இருப்பது லீவு நாளான வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அதையும் நான் ஊருக்குக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் சர்ச்சில் நீ தனியாகப் பாடும்போது முன் பெஞ்சில் இருப்பேன்.

அம்மா

வெள்ளை ஃப்ராக்கைத் தேய்த்து மாட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் பாட்டின் நடுவில் போன் வந்து எழுந்து போனேனே, இன்று அது நடக்காது. உதவி கேட்டு அக்காமார் கூப்பிடுகிற அந்தப் போனைக் கனகா ஆன்ட்டியே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். "யாரு கூப்பிட்டாலும் நான் பாத்துக்கிடுதேன், நீ பிள்ளை பாட்டைக் கேளு" என்றாள். பாட்டு முடிந்த பிறகும், நீ போதும் என்று எழுந்திருக்கும்வரை உன்கூடத்தான் உட்கார்ந்திருப்பேன்.