இரண்டு ஏழாம் பிரதிகள்

இன்று காலை பம்பலப்பிட்டியில், ஓவியம் விற்கிற ஒருவரின் மேசையில் நீ அச்செடுத்த படம் ஒன்று கிடந்தது. மொட்டை மாடியிலிருந்து பார்த்த வெள்ளவத்தைத் தண்டவாளமும் கடலும். நடுவே நெடுக்கும் குறுக்குமாய் மடிப்புத் தடம். அதைக் கண்டதும் கதிரையில் இருந்துவிட்டேன். ஒரு கிழமையாக எனக்குச் சரியான நித்திரை இல்லை.

நீ செத்துப்போன பிறகு உன் படங்களின் விலை ஏறிக்கொண்டே போகிறது. தெரிந்தால் சிரிப்பாய். மகனை வெளிநாடு அனுப்ப என்னுடையதை விற்கலாமா என்றுகூட வீட்டில் கதைத்தார்கள். அப்போதுதான், போன கிழமை, அந்த ஓவிய வியாபாரி தொலைபேசியில் கேட்டார்: "மேடம், உங்களிட்ட இருக்கிறது ஏழாம் பிரதிதானே? இங்கயும் ஒரு ஏழு வந்திருக்கு. கையெழுத்தும் அவங்கடதான். மொத்தம் பதினஞ்சு பிரதி எண்டு சொல்லிப்போட்டு, களவாக் கூட அடிச்சிருப்பாங்களோ?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அந்தச் சொல் வெளியே போனால் உன் பெயர் என்னாகும்?

கொட்டாஞ்சேனையில் உன் வீட்டுக் குசினியில், லினோ என்கிற மெத்தென்ற தகட்டில் படத்தைச் செதுக்கி மை பூசி, மேலே தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்த படம் அது. எனக்கென்று ஏழாம் பிரதியை எடுத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தாய். அது யுத்த காலம். சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். படத்தை விரித்துப் பார்த்த இராணுவப் பொடியன், தண்டவாளம் வளைந்து போவதைக் கண்டு வரைபடம் என்று நினைத்துவிட்டான். "இது சும்மா படம், மல்லி" என்று அவனைத் தம்பியாக்கிச் சிங்களத்தில் சொன்னாய். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எங்களைப் போகச் சொன்னான்.

"மடிச்சிட்டானடி. மை இன்னும் சரியாக் காயல்ல."

"எங்களை விட்டானே, அதை நினை."

"ஒரு பேப்பரை இடையில வச்சாவது மடிச்சிருக்கலாம்."

வெள்ளவத்தை வரும்வரை உனக்கு அதே கவலை.

அடுத்த ஞாயிறு எனக்கு இன்னொன்று எடுத்து, அதிலும் ஏழு என்றே பென்சிலால் எழுதினாய். பதினாறு என்று போடலாமே என்றேன்.

"பதினஞ்சுதான் எண்டு சொல்லி மற்ற ஆக்களுக்குக் குடுத்தனான். அந்த ஏழை அவன் இதுக்குள்ள கிழிச்செறிஞ்சிருப்பான். அதுக்குப் பதிலாத்தான் இந்த ஏழு."

பிறகு, இனி ஒன்றும் எடுக்க முடியாதபடி லினோவின் குறுக்கே கத்தியால் ஆழமாகக் கீறினாய்.

இதையெல்லாம் இன்று அவருக்குச் சொன்னேன். என் பிரதியை அதன் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப முதல் ஏழு இதுதான். எழுதித் தருவீங்களா? ஆனா கணக்குக்கு மேல எடுத்தது எண்டு தெரிஞ்சா, உங்கடதை இனி யாரும் பெரிய விலைக்குக் கேக்கமாட்டாங்க."

"கேக்காட்டிப் பரவாயில்லை."

எழுதிக் கையெழுத்து வைத்தேன். வீட்டில் இனி விற்கிற கதை எழாது. மகனின் செலவுக்கு வேறு வழி பார்ப்போம். உன்னை ஒருவரும் கள்ளி என்று சொல்லமாட்டார்கள்.

வெளிக்கிடும்போது, அதை யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். குருநாகலில் இருந்து ஒரு பெண்ணாம். கணவன் இராணுவத்தில் இருந்தவன், இப்போது உயிரோடு இல்லை.

அந்தப் பொடியன் அதைக் கிழிக்கவில்லையடி. கண்ணாடி போட்டு, வீட்டு முன்னறையில் மாட்டி வைத்திருந்தானாம். அதைக் கேட்டவுடனே உன்னிடம் ஓடிவந்து சொல்லத்தான் மனம் உந்தியது. சொல்ல நீ இல்லாததால், அந்தச் செய்தியை நானே வைத்திருக்கிறேன்.