மனு வரிசையில் என்னை நிறுத்திய மாப்பிள்ளைக்கு

உங்கள் முதலாமாண்டு நினைவஞ்சலி பேனரில் உங்கள் படத்தைவிட, உங்களை சஸ்பெண்ட் செய்ய வைத்த ஜெயிலரின் படம் பெரிதாக இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோயில் பஸ் நிறுத்தத்தில், கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் கட்டியிருக்கிறார்கள். நேற்றுக் காலை பஸ்ஸுக்கு நின்றபோது புது ஃப்ளெக்ஸின் நாற்றம் மூக்கில் ஏறியது. நிமிர்ந்தால் நீங்கள், ஒரு மூலையில், அடையாள அட்டைப் படத்தின் அதே முறைப்போடு. நடுவில் அவர்: ரிட்டயர் ஆனபிறகு வளர்த்த தாடி, கட்சித் துண்டு, ஆளுயரக் கும்பிடு. கீழே, 'நேர்மையின் சிகரமே, உடன்பிறவாத் தம்பியே, எங்களைத் தவிக்கவிட்டு எங்கே சென்றாய்' என்று கேள்வி வேறு. அனுப்பி வைத்தவரே விலாசம் கேட்கிறார். போன வாரம் செங்கல்பட்டு கோர்ட்டில் நான் அவருக்கு எதிராக வாயைத் திறந்ததன் பலன் இது. அவரும் நீங்களும் அண்ணன் தம்பி மாதிரி என்று ஊருக்குக் காட்டுகிறாராம்.

கண் கலங்கியது என்று எழுத மாட்டேன். நமக்குள் அந்த வழக்கம் கிடையாது. என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து உங்களை எனக்குப் பிடிக்காது. வயதில் சிறியவரைப் பார்த்து எழுந்து நின்று 'வாங்க மாப்பிள்ளை' என்று சொல்ல வேண்டிய கொடுமை ஒரு பக்கம். நீங்கள் சிறை வாசலில் தலைமைக் காவலர் என்பதும், புதிதாக வருகிற கைதியின் மச்சம், தழும்பு, காயம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது உங்கள் வேலை என்பதும் இன்னொரு பக்கம். அந்த வேலையைக் காக்கிச் சட்டையோடு சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்ட உங்களுக்குத் தெரியாது. தலை தீபாவளிக்கு நாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் முதுகைப் பார்த்து, 'மச்சான், வலது தோளுக்குக் கீழ ஒரு மச்சம் வளந்துகினு வருது. டாக்டராண்ட காட்டுங்க' என்றீர்கள். மாமனார் வீட்டில் பேச வேறு விஷயமா இல்லை? அன்று முழுக்க நான் சட்டையைக் கழற்றவில்லை.

அந்தச் சிறை எது என்று எழுதாதீர்கள் என்கிறார் அரசு வக்கீல். எழுதவில்லை. உள்ளே நடந்ததை எழுதலாம். கேட்டைத் தாண்டினால் எல்லாவற்றுக்கும் விலை. மனுப் போட்டுப் புருஷனைப் பார்க்க ஒரு விலை, போர்வைக்கு ஒரு விலை, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு விலை. கொடுக்காதவனுக்குச் செருப்பால் வரவேற்பு. காயத்தைப் பற்றிக் கேட்டால் போலீஸ் அடித்து அனுப்பியது என்பார்கள். போலீஸைக் கேட்டால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்பார்கள். தமிழ்நாட்டு பாத்ரூம்களுக்கு வாய் இருந்தால் பாதி அதிகாரிகள் உள்ளே இருப்பார்கள்.

இதற்கு நீங்கள் கண்டுபிடித்த வைத்தியம், கத்துவது. போலீஸ் கொண்டுவந்த ஆளைக் கேட்டுக்குள் நிறுத்தி, உடம்பில் இருப்பதையும் இல்லாததையும் மீன் ஏலம் விடுகிற மாதிரி கூவுவீர்கள். வெளியே மனு வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும். 'எழுதினத மாத்தி எழுதிடலாம் மச்சான். வரிசைல நிக்கிற பொம்பளைங்க காதுல வுழுந்தத இன்னா பண்ணுவான்?' என்று என்னிடமே ஒருமுறை சொன்னீர்கள். மாப்பிள்ளைக்கு மைக் ஆசை என்று நான் நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி. நான் பட்டிமன்றத்தில் மூன்றாவது பேச்சாளன். முதல் இரண்டு பேர் பேசி முடித்து, கூட்டம் சுண்டல் வாங்க எழுந்து போகும்போது பேசுகிறவன்.

அதனால்தான் அந்தப் பிரியாணி விவகாரத்தில் மாட்டினேன். மாமல்லபுரத்தில் லாட்ஜ் வைத்திருந்த என் சிநேகிதர் செக் மோசடி கேஸில் உள்ளே போனார். என் செல்வாக்கைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வருமா? 'மாப்பிள்ளை கேட்லதான் கீறாரு. சுடச்சுட உள்ள போவும் பாருங்க' என்று அவர் மனைவியிடம் சவால் விட்டுவிட்டு, கோவளத்தில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தேன். வெயிலில் நின்ற வரிசையைத் தாண்டி நேராகக் கேட்டின் சின்ன ஜன்னலைத் தட்டினேன். நீங்கள் பொட்டலத்தை மோந்து பார்த்தீர்கள்.

'இன்னா மச்சான் இது?'

'பிரியாணி, மாப்ள. நம்ம லாட்ஜ்காரருக்கு. உங்களுக்கும் ஒண்ணு கீது.'

'வெளிச் சாப்பாடு உள்ள போவாது. அவரப் பாக்கணும்னா வரிசைல போய் நில்லுங்க.'

'நானா?'

'நீங்கதான். அந்த மஞ்சப் பொடவக்காரம்மாவுக்குப் பின்னாடி.'

மஞ்சள் புடவைக்காரம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். 'வா நைனா, வந்து நில்லு. பிரியாணி ஆறிடப் போவுது' என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. என் காதில் இன்னும் இருக்கிறது அந்தச் சிரிப்பு.

அங்கே நான் வெந்துகொண்டு நிற்கும்போதுதான் போலீஸ் வேனில் ஒரு கோவளத்துக்காரரைக் கொண்டுவந்தார்கள். மீன் ஏலத்தில் கைகலப்பாம். அவர் உள்ளே போனதும் உங்கள் குரல் வந்தது. 'சேவியர், கோவளம். நெத்தில பழைய தழும்பு ஒண்ணு. கை கால் நல்லாக் கீது. பல்லு நல்லாக் கீது.' பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஆளின் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக ஏதாவது கேட்டு, காது கேட்கிறதா என்று சோதிப்பீர்களாம். அது எனக்கு அப்போது தெரியாது. உள்ளேயிருந்து அந்த ஆளின் பதில் மட்டும் வந்தது.

'இன்னா சார் நீ, ஊருக்கெல்லாம் மைக்செட்டு, எனக்கு மட்டும் ரகசியமா? ரெண்டு காதும் கேக்குது சார்.'

வரிசை மறுபடியும் சிரித்தது. 'ரெண்டு காதும் பழுதில்ல, ஒடம்புல காயமில்ல' என்று கூவி முடித்தீர்கள். நான் மனுவும் போடவில்லை, சிநேகிதரையும் பார்க்கவில்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இரண்டு பொட்டலத்தையும் நானே தின்றேன். ஆத்திரத்தில் தின்றாலும் ருசியாகத்தான் இருந்தது.

அதோடு உங்களுடன் பேச்சு நின்றது. உங்களைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தது. கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் மேடை, எங்கே போனாலும் அந்தக் கதைதான். பொட்டலம் வளர்ந்து கூடையானது. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரை மேடையில் அது அண்டாவே ஆகிவிட்டது. ஆனால் கைதட்டல் விழுவது எப்போதும் அந்த மைக்செட்டு வசனத்தில்தான். சொன்னவன் பேரைக்கூட நான் சொல்வதில்லை. 'உள்ளே ஒருத்தன்' என்பேன். தங்கை உங்களிடம் அழுதாளாம்: 'எங்க அண்ணன் உன்னக் கோமாளியாக்கிகினு திரியுது, ஒரு வார்த்த கேளேன்.' நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே, 'சொல்லட்டும் வுடு. நாலு பேர் கேக்கட்டும்' என்றீர்களாம். மாப்பிள்ளை பெருந்தன்மை காட்டுகிறாராக்கும் என்று அதற்கும் எரிந்தேன்.

நான் மேடையில் அண்டா உருட்டிக்கொண்டிருந்த காலத்தில் உள்ளே நடந்ததைத் தங்கை சொல்லித்தான் பிற்பாடு கேட்டேன். சேவியரின் மனைவி ஸ்டெல்லா காசு தர முடியாது என்று சொல்லிவிட்டாள். உங்களுக்கு லீவு நாள். சேவியரை ஜெயிலர் முன்னால் நிறுத்தி, இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றிச் செருப்பால் அடித்திருக்கிறார்கள். நீங்கள் டியூட்டிக்குத் திரும்பியதும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டீர்கள். திரும்பவில்லை. உங்கள் தொண்டைக்குத் திரும்பாத காது உண்டா? ஆளை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மாஜிஸ்திரேட்டிடமும் போய்ச் சொல்லிவிட்டீர்கள்.

'வரும்போதே செவிடு. கடல்ல முங்கி முங்கிப் போன காது' என்றார் ஜெயிலர். பதிவேட்டிலும் அப்படியே மாற்றி எழுதிவிட்டு உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னார். 'நான் கூவுனது ஒண்ணு, கையெழுத்து ஒண்ணு, அதெல்லாம் என்னாண்ட நடக்காது சார்' என்றீர்கள். கொஞ்ச நாளில் உங்கள் பெட்டிக்குள் கஞ்சாப் பொட்டலம் முளைத்தது. சஸ்பெண்ட். குவார்ட்டர்ஸ் காலி. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. ஜெயிலர் மேல் போட்ட கேஸில் நீங்கள் சாட்சி சொல்லும் முறை வருவதற்குள் மாரடைப்பு முந்திக்கொண்டது.

இப்போதும் சொல்கிறேன், ஒரு கையெழுத்துதான். ஊரில் போடாதவன் யார்? நீங்கள் போடாததால் என் தங்கை இன்று கருக்கலில் ஷிப்ட் பஸ் பிடித்துப் போய் கம்பெனி கேன்டீனில் இட்லி ஊற்றுகிறாள். கை வெந்து வீங்கி வருகிறாள். இதற்காக உங்களை நான் மன்னிப்பதாக இல்லை.

உங்கள் கருமாதிக்கு வந்த இடத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. பந்தலில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் அந்தப் பிரியாணிக் கதையை ஆரம்பித்துவிட்டேன். மைக்செட்டு வசனம் வந்ததும் முன் வரிசையில் இருந்த ஒரு பெண் திரும்பினாள். ஸ்டெல்லா.

'அண்ணே, அத நீ உன் காதால கேட்டியா?'

'பின்ன? வரிசைல நின்னுகினுதானே இருந்தேன்.'

'அந்த உள்ள ஒருத்தன் இவருதான்' என்று பக்கத்தில் இருந்தவரைக் காட்டினாள். சேவியர் எங்கள் வாயை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு காது முழுக்கப் போய்விட்டது, இன்னொன்றில் கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சத்தில் வாய் வைத்து அவருடைய வசனத்தை அவருக்கே கத்திச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, 'நானா சொன்னேன்?' என்றார்.

உள்ளே வரும்போது அவருக்குக் காது கேட்டது என்று சாட்சி சொல்ல, அன்று வரிசையில் நின்றவர்களில் பலர் அவர்களுக்கு அகப்படவில்லை. அகப்பட்டவர்களும் வரமாட்டோம் என்றார்கள். 'நீ வந்து சொல்வியா அண்ணே?' என்றாள் ஸ்டெல்லா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசித்துச் செய்த காரியம் எதுவும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

விஷயம் எப்படியோ ஜெயிலர் காதுக்குப் போனது. அவர் ஆரஞ்சுப் பையோடு வீட்டுக்கு வந்தார். 'அண்ணாத்த, உனக்கும் அந்தாளுக்கும் ஆவாதுன்னு ஊருக்கே தெரியும். செத்தவனுக்காக நீ எதுக்குப் பேஜாரு புடிச்சிகினு? திருவிழா மேடையெல்லாம் இப்ப நம்ம கையிலதான் கீது. அடுத்த பட்டிமன்றத்துக்கு நீதான் நடுவர்.'

நடுவர் நாற்காலி. மாப்பிள்ளை, உங்களுக்கு அந்த ஆசையின் ஆழம் தெரியாது. அவர் போனதும் ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டே தங்கைக்குப் போன் செய்து, என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவள் ஷிப்ட் பஸ்ஸில் இருந்தாள். 'உன்ன யாரு வரச் சொன்னா? நீ வராத. ஆயுசுக்கும் மூணாவது ஆளாவே இரு' என்று வைத்துவிட்டாள். மிச்ச ஆரஞ்சைப் பையிலேயே திரும்பப் போட்டேன்.

போன வாரம் கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கேட்டதற்கு அந்தக் கதையை முதல் தடவையாக மசாலா இல்லாமல் சொன்னேன். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஜெயிலரின் வக்கீல் எழுந்தார்.

'இறந்தவர் உங்க தங்கச்சி வீட்டுக்காரர். அந்தப் பாசத்துல சாட்சி சொல்ல வந்திருக்கீங்க.'

'பாசமெல்லாம் கெடையாதுங்க. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்ல. ஊர்ல யார வேணா கேளுங்க.'

'எப்பவோ நடந்தது. அந்த நாள் மட்டும் எப்படி ஞாபகம்?'

'அன்னிக்குத்தானுங்க அந்தாளு என்ன வரிசைல நிக்க வச்சாரு. எப்படிங்க மறக்கும்?'

'மேடையில அண்டா பிரியாணின்னு சொன்னீங்களா, இல்லையா?'

'சொன்னேன். ரெண்டு பொட்டலந்தான்.'

'அப்போ பொய் சொல்றவர்தான் நீங்க.'

'மேடைலங்க.'

'அந்தக் கைதி பேசினதும் மேடைக்காக நீங்க கட்டினதுதானே?'

'இல்லீங்க. எனக்கு அவ்ளோ நல்லா வராது. என் பேச்சக் கேட்டவங்களுக்குத் தெரியும்.'

நீதிபதி குனிந்து எழுதினார். சிரித்தாரா என்று தெரியவில்லை. பின் பெஞ்சில் சேவியர் கழுத்தை நீட்டி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள்மேல் எனக்கிருந்த வெறுப்பு எனக்கே உபயோகப்பட்டதில்லை. அன்று அது உங்களுக்கு உபயோகப்பட்டது.

குறுக்கு விசாரணை முடியவில்லை. வாய்தா போட்டிருக்கிறார்கள். நமக்குள் உள்ளூர ஒட்டுதல் இருந்தது, நான் கூண்டில் நின்று நடிக்கிறேன் என்று நிரூபிக்கப் போகிறாராம் அந்த வக்கீல். நாளைக்குத் தங்கை வீட்டில் உங்கள் தலைத் திவசம். 'அண்ணா, படத்துக்கு ஒரு பூவாச்சும் போட்டுட்டுப் போயேன்' என்று கூப்பிட்டாள். நான் உங்கள் படத்தின் முன்னால் நிற்பதை யாராவது செல்போனில் எடுத்தால் போச்சு, கேஸ் முடிகிறவரை தள்ளியே இருங்கள் என்கிறார் அரசு வக்கீல். வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே, மாப்பிள்ளை, இப்போதைக்கு உங்களோடு சமாதானமாக எனக்கு வழியில்லை. உங்கள்மேல் உள்ள விரோதத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் அடுத்த வாய்தா வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். இந்த ஒரு வாரமாக அது அவ்வளவு சுலபமாக இல்லை.