சேனை வைக்காத பிள்ளையும் லண்டன் மெஷினும்

காஜா பெராங், மலாக்கா
12.11.1959

அன்பு மகள் பாக்கியலட்சுமிக்கு அப்பா மாணிக்கவாசகம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், ஆனால் நீ அனுப்பிய போட்டோவில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, அதனால் பாதிதான் நம்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா மல்லிகாவின் பிள்ளை பிறந்ததுமே நீலம் பாரித்ததையும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள சவ்வில் ஓட்டை விழுந்து குடல் மேலே ஏறி நுரையீரலை நெருக்குகிறதாம் என்பதையும் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதற்கு நீ, லண்டனில் நர்ஸ் படிப்பு படிக்கும் இடத்தில் இரத்தத்தை வெளியே எடுத்து, மூச்சேற்றித் திரும்ப உடம்புக்குள் விடும் மெஷின் இருக்கிறது, அது ஓடும்வரை இருதயமும் நுரையீரலும் சும்மா இருக்கலாம், ஆனால் ஆபரேஷன் நேரத்துக்கு மட்டும்தான், பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். போன இரத்தம்தான் திரும்பி வருகிறது என்று யாரம்மா பார்த்தது? ஜாலான் பெண்டஹாராவில் இத்தனை வருஷம் துணி விற்றவன் நான், ஓரத்தை நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்க்காமல் எதையும் வாங்கமாட்டேன். இன்னொன்றையும் கவனித்தேன். பிள்ளை பிழைப்பானா என்று கேட்டேனே, அதற்கு மட்டும் அந்த இரண்டு பக்கத்தில் பதில் இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

இங்கே ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் விட்டிருந்தார்கள், பால் கொடுக்கவே கூடாது என்றார்கள். பெற்றவளுக்குப் பால் கட்டி வலிக்கிறது, பிள்ளை பட்டினி. நம் பிள்ளையை வைத்து ஏதோ பழகிப் பார்க்கிறார்கள் என்றே நினைத்து டாக்டரிடம் நேரே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வயிற்றுக்குள் எது போனாலும் குடல் உப்பி மூச்சை அடைத்துவிடும், குடலைக் கீழே இறக்கித் தைத்தாலும் அமுங்கிக் கிடந்த நுரையீரல் விரிய நாளாகும், அதுவரை அதற்கு ஓய்வு கொடுக்க வழியில்லை என்றார். பாதிதான் நம்பினேன். அவர்களைக் காவல் காக்கவென்று தொட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பிடிபட்டது யார் தெரியுமா, என் தங்கை, உன் அஞ்சலை அத்தை. புக்கிட் ரம்பாயிலிருந்து பார்க்க வந்தாள். துணிக்கடைக்காரன் கண் சேலையில்தானே போகும், தலைப்பில் ஒரு முடிச்சு. என்ன என்றால் வெற்றிலை என்றாள். வெற்றிலை முடிச்சின் அடியில் ஈரம் ஏன் கசிகிறது? அவிழ்க்கச் சொன்னேன். சின்னச் சீசாவில் சர்க்கரைத் தண்ணி. சேனை வைக்காத புள்ள எப்படிண்ணே தங்கும், அதான் நாக்குல கொஞ்சம் ஊத்தலாம்னு கொண்டாந்தேன் என்று அழுதாள். பாசத்தில்தான் வந்தாள், பாவம். ஆனால் நான் வாசல் பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மறுநாள் ஆபரேஷன் செய்து தைத்துவிட்டார்கள். அதன்பின் ஆக்சிஜன் கூடாரத்துக்குள் அவன் விலா உள்ளே ஒட்ட ஒட்ட இழுத்த ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாக்கியம், உன் மெஷின் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் யார் இரத்தம், எந்த இரத்தம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டேன். கொஞ்ச நாள் அவனுக்குப் பதிலாக மூச்சுவிடு என்று அதன் காலில் விழுந்திருப்பேன். பச்சைப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி ஒன்று செய்யச் சொல்லி உன் டாக்டர்களிடம் சொல், மலாக்காவில் ஒரு கிழவன் கேட்டான் என்று சொல்.

நேற்று வாயில் கொடுக்கலாம் என்று டாக்டர் அனுமதித்தார். சேனையை நான்தான் வைக்க வேண்டும் என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்களே, ஊரையே சந்தேகப்படும் என் குணம் எதற்கு என்று மறுத்தேன். அந்தக் கொணந்தானேப்பா இவனக் காப்பாத்துச்சு என்றாள் மல்லிகா. வைத்தேன். நாக்கைச் சுழற்றிவிட்டு என்னை முறைத்தான், அவனும் பாதிதான் நம்பினான் போலிருக்கிறது.

குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள். வேலும் மயிலும் உனக்குத் துணை நிற்கட்டும். நீ பதில் எழுதாமல் விட்ட கேள்விக்கு நானே எழுதுகிறேன், பிழைத்துவிட்டான் என்கிறார் டாக்டர். இனிமேல் மெஷினைக் காட்டி அப்பாவிடம் மறைக்காதே, பயமாக இருந்தால் பயம் என்றே எழுது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
மாணிக்கவாசகம்