சேவல் மார்க் போட்ட பிடில்

1966 மார்ச் 3, வியாழன்

வெயில் இப்போதே ஏறிவிட்டது. எங்கள் பாட்டுப் பார்ட்டி வாத்தியாரின் பேஸ் பிடிலைப் பல்லடம் சேர்க்க வேண்டும். ஞாயிறு அங்கே கோயிலில் எங்கள் பார்ட்டி கச்சேரி. பிடில் என்று பெயர்தான். என்னைவிட ஒரு முழம் உயரம், நின்றபடி கட்டிப்பிடித்து வாசிக்க வேண்டும். கோயமுத்தூரிலிருந்து ஒத்திகைக்குக் கொண்டுவந்தவர் என்னிடமே விட்டுப் போனார். "உங்கள நம்பித்தானுங்க."

இரண்டு பஸ்ஸில் மறுத்துவிட்டார்கள். ஒரு கண்டக்டர்: "இது உக்காருமுங்களா, நிக்குமுங்களா? சொன்னீங்கன்னா டிக்கெட் போடறேன்." பஸ் முழுக்கச் சிரிப்பு.

நான் வேலை பார்க்கும் கம்பெனியின் லாரி நாளை பல்லடம் வழி போகிறது. மேனேஜரைக் கேட்டால் மாட்டேன் என்பார். கேட்காமல் ஏற்றலாம்.

சோப்பு. என் வயலினுக்கு ஒரு தந்தி. வாங்க வேண்டும்.

மார்ச் 4, வெள்ளி

பனியன் கம்பெனி பேக்கிங்கில் எனக்குப் பதினோரு வருடம். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் பிடிலைச் சுற்றிக் கட்டிங் வேஸ்ட் துணியைத் திணித்து, சாக்குப் போட்டு, கோணி ஊசியால் தைத்தேன். அசல் பனியன் பேல், சரக்கு மூட்டை மாதிரியே. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். சந்தேகம் வரக் கூடாதென்று கம்பெனியின் சேவல் மார்க்கையும் மையில் போட்டேன். பார்க்க அழகாகக்கூட இருந்தது. மடையன்.

சேவல் இருந்தால் உள்ளே பனியன், கொக்கி போட்டுத் தூக்கலாம். சேவல் இல்லாத பார்சலைக் கையால்தான் எடுப்பார்கள். எனக்குத் தெரியாததா இது?

நாலு மணி. லோடுமேன் காதர் பாய் வந்தார், சேவலைப் பார்த்தார், கொக்கியை ஓங்கிப் போட்டார். பலகை உடைகிற சத்தம். உள்ளேயிருந்து ஒரு முனகல்.

பிரித்தால் பிடிலின் வயிற்றில் ஓட்டை. என் கை நுழையும். மேனேஜர் ஓடிவந்தார். தனிச் சரக்கில் கம்பெனி மார்க் போட்டவனுக்கு அன்றே சீட்டுக் கிழியும்.

"என் சொந்தப் பார்சலுங்க. பாய் பாக்காம கொக்கி போட்டுட்டாருங்க," என்றேன்.

"சேவல் இருந்துச்சுங்களே," என்றார் காதர் பாய்.

"சேவல் ஏதுங்க பாய்? வெறுஞ் சாக்குங்க."

பிரித்த சாக்கின் சேவல் பக்கம் மண்ணில் கவிழ்ந்து கிடந்தது. நான்தான் அதன்மேல் நின்றுகொண்டிருந்தேன்.

மார்ச் 5, சனி

பிடில் என் வீட்டு மூலையில். சேவல் சாக்கு என் கட்டிலுக்கு அடியில்.

டீக்கடையில் காதர் பாய் தானாக வந்தார். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க தம்பி. எங் கண்ணுதான் கெட்டுப்போச்சாட்ட இருக்குது." மேனேஜரிடம் அவரே சொல்லி லோடு வேலையை விட்டுவிட்டார். குடோன் கூட்டுகிறார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

மார்ச் 6, ஞாயிறு

பிடில் இல்லாமலே கச்சேரி. வாசித்ததில் எதுவும் நினைவில்லை. முடிந்ததும் வாத்தியார் என் வீட்டுக்கு வந்து பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டு விளிம்பைத் தடவினார்.

"யாருங்க கொக்கி போட்டது?"

"காதர் பாய்னு ஒருத்தருங்க."

"அவருக்கு என்னங்க தெரியும், பாவம்." பிறகு, "தைச்சது யாருங்க?"

"நான்தானுங்க."

 திரும்பக் கட்டிக்கொண்டு போக அந்தச் சாக்கையே கேட்டார். கிழிந்துவிட்டது என்று வேறு சாக்குக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் எத்தனை பொய்.

மார்ச் 7, திங்கள்

வேலையில் மூன்று இடத்தில் தப்புத் தையல்.

காதர் பாய் குடோன் சுவரில் மாட்டிய காலண்டர் முன்னால் நிற்கிறார். ஒரு கண்ணைப் பொத்துகிறார், பிறகு மற்றதை. நாளை அவர் சம்சாரம் கோயமுத்தூருக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறாராம். மத்தியானம் லீவு சொல்லியிருக்கிறார்.

 என்னைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 8, செவ்வாய்

மேகமூட்டம். சாக்கைக் கம்பெனிக்கு எடுத்துப்போய்க் குடோனில் காதர் பாய் முன்னால் விரித்தேன். "நான் போட்ட மார்க்குங்க பாய். நான் சொன்னது பொய்ங்க."

குனிந்து கட்டை விரலால் மையைத் தேய்த்துப் பார்த்தார்.

"சேவல்தானுங்களே தம்பி?"

"சேவல்தானுங்க பாய்."

வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார். இடதைப் பொத்திப் பார்த்தார்.

"அப்ப எங் கண்ணு நல்லாத்தான் இருக்குது," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. என்னைத் திட்டவே இல்லை. திட்டுவது அவருக்குத் தோன்றவேயில்லை. கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு லாரிப் பக்கம் போய்விட்டார்.

மேனேஜரிடமும் சொல்லிவிட வந்தேன், அவர் அறையில் வேறு ஆள் இருக்கிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் சாக்கு, சேவல் பக்கம் மேலே. கூப்பிடுகிறார்