தலையில் வைக்காத தும்பிக்கை

இல்லை, நான் தலையைக் குனியவில்லை. உன் அம்மா குனிந்தார். நான் பின்னால் நின்றேன், அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு.

மாரியம்மன் கோயில் குடமுழுக்குக்கு யானையை லாரியில் கொண்டுவந்திருந்தார்கள். நம் டிராவல்ஸ் கடையைத் திறக்கும்போதே வாசம் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டது. ஈரச் சாக்கு, புளித்த கரும்புச் சக்கை, சாணி. தாய்லாந்தில், சியாங் மாய் மலைமேல் வேன் கதவைத் திறந்தபோது அடித்த அதே வாசம். அன்று நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, "அய்ய, நம்ம சுகர் மில்லு" என்றாய். வேனே சிரித்தது. இன்று பூட்டில் சாவி இருக்க, நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

உன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "பாப்பா, யானை வந்திருக்குதாம். என்னை இட்டுக்கினு போ." நீ போனபிறகு அவர் என்னை அதிகம் அழைப்பதில்லை. போனேன்.

வரிசையில் நெடுநேரம். எங்கள் முறை வந்தது. பாகன் காசை வாங்கினான், தும்பிக்கை அவர் தலையைத் தொட்டு விலகியது. அம்மா நிமிரவில்லை. "போங்கம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க இல்ல" என்றான் பாகன். நான் யானையின் கால் சங்கிலியைப் பார்த்தேன். பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும்.

இதெல்லாம் உன் நக்கலில் தொடங்கியது. ஒரு வேன், சனி ஞாயிறுகளில் கல்வராயன் மலை, அவ்வளவுதான் அப்போது நம் தொழில். மேகம் அருவி, கரியாலூர் படகு, மதியத்துக்குப் பொட்டலம் கட்டிய எலுமிச்சைச் சோறு. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் கேட்பார், மலையில் யானை இருக்கிறதா என்று. "யானை கெடையாதுங்க. கரடி இருக்குது, பேசிப் பாக்கட்டா?" என்பாய். பிறகு முகத்தை மாற்றாமல், "யானை பாக்கணும்னா தாய்லாந்துதாங்க" என்பாய்.

அதைச் சின்னசேலம் விதைக்கடைக்காரர் மனைவி பிடித்துக்கொண்டார். பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர்கள் அவர் கணவரையும் மற்றக் கடைக்காரர்களையும் தாய்லாந்துக்கு இலவசமாக அழைத்துப் போயிருந்தார்கள். அதிகம் விற்றவர்களுக்கு அப்படியொரு பரிசு. போனவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். "கடைய பாத்துக்கினது நானு, ஊர பாத்துக்கினு வந்தது இவரு" என்றார் அந்த அம்மா. நீ அங்கேயே முடிவு செய்துவிட்டாய். கடைக்காரர்களின் மனைவிமார்களுக்கு ஒரு சுற்றுலா. "ஆம்பளைங்க துணைக்கு வரலாம்னு நோட்டீஸ்ல போடுடி." போட்டோம். நான்கைந்து கணவர்கள் துணைக்கு வந்தார்கள்.

யானையில்தான் சண்டை வந்தது. அம்பாரி கட்டிய யானைமேல் குடும்பமாய் உட்கார்ந்திருக்கும் படத்தை நீ நோட்டீஸின் நடுவில் வைத்தாய். நான் பல்கலைக்கழகத்தில் படித்ததைச் சேலம் பஸ்ஸில் உன்னிடம் சொன்னேன். குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது. நகர முடியாத மரக்கூண்டில் கட்டிவைப்பது. அது எதிர்ப்பை விடும்வரை அடிப்பது. அதற்குப் பிறகுதான் அது முதுகில் ஆளை ஏற்றும்.

"படிச்சிட்டு வந்து எம் போஸ்டர கெடுக்கற நீ. ஏத்தலன்னா இன்னாத்த காட்டறது? அது துன்றதையா? துன்றத பாக்க எங்க அப்பா போதாதா?"

பதில் சொல்வதற்குள் சின்னசேலம் வந்துவிட்டது. அப்புறம் உன் மார்பில் கட்டி. புதுச்சேரி ஆஸ்பத்திரி. அறுவை, மருந்து, மறுபடி மருந்து. முடி கொட்டியபோது ஒருநாள் படுத்தபடியே சொன்னாய்: "யானைய நீயே பாத்துக்க. உங்கூட மல்லுக்கட்ட தெம்பு இல்ல." அப்படித்தான் நாம் போன யானை முகாம் என் தேர்வானது. சவாரி இல்லை, குளிப்பாட்டுவது இல்லை, தொடுவது இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது. இது அம்மாவுக்கும் தெரியும்.

சுற்றுலா கிளம்பும்போது நீ தேறியிருந்தாய். போகலாம் என்றார் டாக்டர். அம்மாவும் கூட வந்தார். முடி நாற்று மாதிரி முளைத்திருந்தது. விமானநிலையத்திலிருந்தே ஒவ்வொருவராக உன் தலையைத் தடவிப் பார்த்தார்கள். "டிக்கெட் போட்டு தொட வுடலாம்டி" என்று என் காதில் சொன்னாய். பிறகு ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டாய்.

முகாமில் நம்மை அழைத்துப் போனவள் பிம். நம் வயதுதான். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன், நான் சொன்னதை நீ வியாபாரத் தமிழில் சொன்னாய். வெள்ளை யானை கிடைத்தால் அது ராஜாவுக்குரியது. மூன்று தலை யானை ஒன்றின் சிலையைக் கோயில்களில் வைத்திருக்கிறார்கள். பிம் போனில் படம் காட்டினாள். "இது நம்ம இந்திரன் யானையாச்சே" என்றார் விதைக்கடை அம்மா, சொந்தக்காரர் வீட்டில் நுழைந்தவர்போல. ஒரு காலத்தில் யானைகள் காட்டில் தேக்கு இழுத்தன. மரம் வெட்டத் தடை வந்தது. யானைக்கும் பாகனுக்கும் வேலை போனது. நகரத்துத் தெருக்களில் கூடைக் கரும்போடு யானையை நிறுத்தி, போகிறவர் வருகிறவரிடம் அந்தக் கரும்பை விற்று அதையே யானைக்குப் போட்டார்கள். பிறகு சவாரி முகாம்கள்.

"சாமின்றாங்க, ராஜான்றாங்க. இவ்ளோ மரியாத வெச்சிக்கினு ஏன் அடிக்கறாங்க?" என்று கேட்டார் ஒரு அம்மா.

"நம்ம ஊர்ல மட்டும் இன்னாவாம்" என்றாய் நீ. அதை பிம்முக்கு மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

வேலிக்கு வந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். முள் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள் என்றாள் பிம். யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு வயதான பெண் யானை கரும்பு தின்றுகொண்டிருந்தது. பிம் அதை ‘மே’ என்று அழைத்தாள். அவர்கள் மொழியில் அம்மா என்று அர்த்தமாம்.

விதைக்கடை அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து, நீளவாக்கில் மடித்து, வேலிக்கு மேல் நீட்டினார். ஊரில் யானையைக் கண்டால் எல்லோரும் செய்வதுதான். "ஏன் அவர் யானைக்குப் பணம் தருகிறார்?" என்று பிம் கேட்டாள். "டிப்ஸ்" என்றாய்.

மே தின்பதை நிறுத்தியது. வாயிலிருந்த கரும்பு விழுந்தது. வந்து, தும்பிக்கை நுனியால் நோட்டை வாங்கி, திரும்பி, பின்னால் நின்ற பாகனிடம் நீட்டியது. அவன் வாங்கவில்லை. அது நீட்டியபடியே நின்றது. பிறகு முன்னங்காலில் ஒன்றை மடக்கித் தூக்கியது. தூக்கியே வைத்திருந்தது. யாரும் அதைத் தூக்கச் சொல்லவில்லை.

முன்பு ஒரு சவாரி முகாமில் பல வருடம் இருந்ததாம். இங்கே வந்தபிறகு அது இப்படிச் செய்ததில்லை என்றாள் பிம். குரல் இறங்கியிருந்தது. பாகன் போய் நோட்டை வாங்கிக்கொண்டு, கழுத்தைத் தட்டி ஏதோ சொன்னான். கால் கீழே வந்தது.

"தப்பா பண்ணிட்டனா?" என்று அண்ணன் எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

"அது ஆசீர்வாதம் பண்ணுதுய்யா. கும்புடு" என்றார் அவர் மனைவி. வரிசையாகக் கைகள் குவிந்தன.

அப்போதுதான் அம்மா உன் ஸ்கார்ஃபை அவிழ்த்தார். உன் தோளைப் பிடித்து வேலிப்பக்கம் தள்ளினார். என் கையையும் பிடித்துக்கொண்டார். "பாப்பா, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. ஒரே ஒரு தபா. எம் பொண்ணு தலைல. திரும்ப வரக் கூடாது பாப்பா, அது திரும்ப வரக் கூடாது." அழுதார்.

பிம்முக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சின்ன வயதில் காய்ச்சல் விடாமல் அடித்தபோது அவள் அம்மா அவளை ஒரு யானையின் வயிற்றுக்கு அடியில் நுழைந்து வரச் செய்தாராம். அங்கே அது நம்பிக்கை. விதி விதிதான், ஆனாலும் பாகன் மேயை இரண்டடி முன்னால் கூட்டிவருவான், நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன் என்றாள். சொன்னபடி முதுகைக் காட்டி நின்றாள்.

நீ ஆங்கிலத்தில், வேகமாக, வேண்டாம் பிம் என்றாய். தயவுசெய்து அதைக் கூப்பிடாதே. அம்மாவுக்குப் புரியவில்லை. பிறகு என் பக்கம் சாய்ந்தாய்.

"கால தூக்குச்சே, பாத்தியா?"

"பாத்தேன்."

"கைய நீட்டுன்னா நீட்டறது, படுன்னா படுத்துக்கறது. ஒரு வருஷமா ஆஸ்பத்திரில நான் அதான்டி பண்ணேன். நானாச்சும் பொழைக்கறதுக்கு பண்ணேன்."

"அம்மாகிட்ட இன்னா சொல்றது?"

"உன் ரூலுன்னு சொல்லிடு. எம்மேல கோச்சிக்கினா அவங்களால தாங்க முடியாது. உம்மேலன்னா ரெண்டு நாளு."

சொன்னேன். தொடக் கூடாதும்மா, நான்தான் அப்படிப்பட்ட இடமாப் பார்த்துப் பதிவு பண்ணேன். அம்மா என்னைப் பார்த்தார். ஸ்கார்ஃபை அவரே உன் தலையில் கட்டிவிட்டார், இறுக்கமாக. அன்று இரவு ஓட்டலில் மற்ற அம்மாக்கள் மேயின் போட்டோக்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

நோய் திரும்ப வந்தது. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை, நீ அங்கே இருந்தாய். வார்டில் ஒருநாள் அம்மா உன் சித்தியிடம், எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "ஒரு தபா வெக்க வுட்டிருந்தா எம் பொண்ணு இப்பிடி படுத்திருக்காது." நீ தூங்குவதாக நினைத்தேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாய். தலையை லேசாக ஆட்டினாய். சொல்லாதே.

சொல்லவில்லை. நீ போனபோதும் சொல்லவில்லை. காரியத்தன்று என்னைப் பந்திக்கு யாரும் கூப்பிடாதபோதும்.

இன்று கோயிலிலிருந்து அம்மாவை வீட்டில் விட்டேன். கிளம்பத் திரும்பினேன். "உள்ள வா" என்றார். கூடத்தில் உட்கார்ந்தோம். தண்ணீர் தந்தார். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அந்த ஊர்ப் பொண்ணு அந்தாண்ட திரும்பி நின்னாளே. ஏன் திரும்புனா?"

அதை அவர் பார்த்திருப்பார் என்று நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

"ஒத்துக்கினுதான திரும்புனா? எனக்கு பாஷதான் தெரியாது, கண்ணு தெரியும். அவ ஒத்துக்கினா. அப்பறம் யாரு வேணாம்னது?"

உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. ஒரே ஒரு சொல். சொல்லியிருந்தால் அந்தக் கூடத்தில் நான் லேசாகியிருப்பேன். அம்மா மிச்ச நாளெல்லாம், தன் மகள் தனக்குக் கிடைத்த ஒன்றைத் தானே தள்ளிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டு அந்த வீட்டில் தனியாக இருந்திருப்பார். உன்மேல் கோபப்படவும் முடியாது, நீ இல்லை. நான் இருக்கிறேன். கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில்.

"நான்தாம்மா."

"நீயா."

"எனக்கு அந்த யானைய பாக்க பாவமா இருந்துச்சு."

அது பொய்யில்லை.

"எம் பொண்ண பாக்க?"

நான் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார், வெகு நேரம். அழவில்லை. பிறகு எழுந்து உள்ளே போனார். போகும்போது, திரும்பாமல், "வெயிலு தாழட்டும், அப்பறம் போ" என்றார்.

ரெண்டு நாள் என்றாய். உன் கணக்கு தப்பு. பரவாயில்லை. இதை நானே வைத்துக்கொள்கிறேன். அம்மா இருக்கும்வரை இது என் ரூல்.

கூடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் அரிசி புடைக்கும் சத்தம் கேட்டது. வெயில் தாழ்ந்ததும், "வரேம்மா" என்று குரல் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன். களமருதூரிலிருந்து ஒரு குழு போன மாதமே கேட்டிருந்தது, சவாரி உண்டா என்று. இல்லை என்று சொன்னேன். இரண்டு குடும்பம் விலகிக்கொண்டது. மீதிப் பேருக்கு அந்த முகாமையே பதிவு செய்தேன்.