கம்பிக்கு ஒரு சுற்று

1935 ஜூலை 8, திங்கள்

அரிசி களைந்துகொண்டிருந்தேன், அவர் வந்துவிட்டார். மணி நாலுகூட ஆகவில்லை. செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: "இருவத்திரண்டாம் தேதி கம்பெனி காம்பவுண்டுல தபால் பையை மாட்டிக்கினு ஓட்டிக் காட்டணுமாம். மானேஜர் விசில் ஊதினா அங்கியே நிக்கணுமாம். இல்லைன்னா சீட்டு கிழிஞ்சுது."

பதினேழு வருஷமாக அங்கே சைக்கிள் பியூன். சித்திரையில் வந்த காய்ச்சல் வலது கையின் பிடியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இடது கை. அது ஹாண்டிலைப் பிடிக்குமா, பிரேக்கைப் பிடிக்குமா? போன வாரம் மாம்பலம் ரயில்வே கேட்டருகே ஒரு ஜட்கா மேல் மோத இருந்தாராம். என்னிடம் மூச்சு விடவில்லை. அடுத்த வீட்டு முனியம்மாள் சொல்லித்தான் தெரியும்.

பதினாலு நாள். முருகா.

ஜூலை 10, புதன்

சைக்கிள் கடை அக்பர் பாஷா ஒரு ஹப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். சக்கரத்தின் நடுவில் கம்பிகளெல்லாம் வந்து சேரும் குடம் அது. நம்முடையதைவிடப் பருமன்.

"அண்ணாத்தே, பெடலைப் பின்னால ஒரு மிதி மிதிச்சியானா சக்கரம் கப்புனு நின்னுடும். பிரேக்குக்குக் கையே வாணாம். ரெண்டு நாள் குடு, நானே சக்கரம் கட்டித் தர்றேன்."

"என் வண்டில இதுவரைக்கும் வேற கை பட்டதில்லே பாய்."

பாஷா பாய் அவருடைய வலது கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி, தங்கச்சி ஒத்தாசைக்குக் கீது" என்று எழுந்துகொண்டார்.

ஜூலை 12, வெள்ளி

பழைய சக்கரத்தைப் பிரித்தாயிற்று. குடம் பெரிதானதால் பழைய கம்பிகள் நீளம் அதிகமாம். புதிதாக நாற்பது கம்பி வந்தது. கணக்கு நோட்டில் எந்தத் தலைப்பில் போடுவது? மளிகை இல்லை, துணிமணி இல்லை. கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'வைத்தியம்' என்று எழுதினேன்.

ஜூலை 14, ஞாயிறு

காலையிலிருந்து கம்பி கோத்தோம். அவர் வாய், என் கை. ஒன்று குடத்துக்கு உள்பக்கமாக, அடுத்தது வெளிப்பக்கமாக. ஒவ்வொன்றும் மூன்று கம்பிகளைத் தாண்டிப் போய் ரிம்மில் சேர வேண்டும். இரண்டு முறை தப்பாகப் போட்டு எல்லாவற்றையும் அவிழ்த்தேன்.

"இன்னாமே, சக்கரம் கட்டறியா, பாய் முடையறியா?"

சித்திரைக்குப் பிறகு இன்றுதான் அவர் சிரித்து நான் பார்க்கிறேன்.

கம்பி முனையில் நிப்பிள் என்று ஒரு சின்னக் குமிழ். ரிம்முக்கு மேலிருந்து ஸ்க்ரூ டிரைவரால் அதைத் திருக வேண்டும். வலப்பக்கம் திருப்பினால் இறுகும் என்றார். "நல்லதுதான், சாமியைச் சுத்தற மாதிரி" என்றேன். "உனக்கு எல்லாமே சாமி" என்றார்.

ஜூலை 16, செவ்வாய்

மழை. கை குடைகிறது என்று படுத்திருந்தார். வேலை நடக்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

கோட்டம் எடுத்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்மின் ஓரமாக நான் சாக்குக்கட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கே சாக்குக்கட்டி உரசி வெள்ளை விழுகிறதோ அங்கே கோட்டம். அதற்கு எதிர்ப்பக்கத்துக் கம்பியை இறுக்குவார். இந்த வேலைக்கு, நிப்பிளைக் கவ்வித் திருகச் சிறிதாக ஒரு சாவி. அதை என்னிடம் தரவேயில்லை. இடது கையாலேயே செய்தார். சாக்குக்கட்டியைவிட்டு நான் கண்ணை எடுக்கக் கூடாது என்று உத்தரவு.

மூன்று மணி நேரம். கடைசியில் எங்கும் உரசவில்லை. சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாம்.

ஜூலை 20, சனி

டயர் மாட்டித் தெருவில் ஓட்டினார். முனியம்மாள் வாயில் விரலை வைத்து விசில் அடித்தாள். நின்றது! "மானேஜர் இன்னாத்துக்குடி? நானே பாஸ் போட்டுட்டேன் உன் ஊட்டுக்காரருக்கு!" என்றாள்.

பாஷா பாயும் வந்து பார்த்தார். "புதுச் சக்கரம் அண்ணாத்தே. கொஞ்சம் ஓடினா கம்பிங்க லேசா எளகும். அப்பறம் ஒருவாட்டி இறுக்கிடு."

"திங்கக்கெழமை முடியட்டும், பாத்துக்கலாம்."

திங்கட்கிழமைதானே முக்கியம்? அதற்குப் பிறகு இறுக்கி என்ன?

ஜூலை 22, திங்கள், காலை

ஒரு கையால் குளித்து வர அவருக்கு நேரமாகும். அதற்குள் செய்துவிட்டேன். டயர் இருப்பதால் மேலிருந்து ஸ்க்ரூ டிரைவர் போகாது. சைக்கிள் பையிலிருந்த சாவியை எடுத்து, ரிம்முக்கு உள்பக்கத்திலிருந்து நிப்பிளில் போட்டேன். ஒவ்வொரு கம்பிக்கும் வலமாக ஒரு முழுச் சுற்று, ஒரு 'முருகா'. ஒன்றுகூட விடவில்லை, நாற்பதும் எண்ணி எண்ணி. எவ்வளவு லேசாகத் திரும்பியது! துணை இருக்கிறான்.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவார். நெற்றியில் விபூதி இட்டு அனுப்பினேன்.

அதே நாள், மாலை

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்காலில் மண்.

"விசில் ஊதினான். மிதிச்சேன். உழுந்தேன். கை ஒத்துக்கலே."

வேலை போய்விட்டது.

ஜூலை 24, புதன்

பாஷா பாய் விசாரிக்க வந்தார். நான் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தேன். சைக்கிள் பக்கத்தில் குந்திக் கம்பிகளை விரலால் தட்டினார்.

"இன்னா இது, அத்தினியும் தொளதொளன்னு கீது? யார் தொட்டது?"

"நான்தான். கெளம்பறதுக்கு முந்தி ஒரு சுத்து இறுக்கினேன்" என்றார் இவர்.

"இறுக்கினியா? எளக்கிக்கீறே! மேலேர்ந்து திருப்பினா வலப்பக்கம் இறுகும். சாவிய உள்ளேர்ந்து போட்டா இடப்பக்கம் திருப்பணும். உனக்கா தெரியாது?"

"மறந்துட்டேன் பாய். கையோட மூளையும் போச்சு."

அவர் தொடவே இல்லை.

நான் — நான்தானே. பேரைச் சொல்லிச் சொல்லி நாற்பது தடவை — அய்யோ, என் கையாலேயே அவரைக் கீழே தள்ளினேனே. அவ்வளவு லேசாத் திரும்பிச்சே, அப்பவாவது புத்தி வந்துதா எனக்கு?

ஜூலை 25, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 27, சனி

சொல்லிவிட்டேன். காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"தெரியும், எழுந்திரு. நாப்பதும் ஒரே அளவு எளகியிருந்துது. அப்படி எண்ணிச் செய்யறவ இந்த ஊட்ல ஒருத்திதான்."

விழுந்த இடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். மானேஜர் கிட்டே வந்து, கெட்டது சக்கரமா கையா என்று கேட்டாராம். சக்கரமென்றால் ஒரு வாரம் தவணை தருவதாகவும் சொன்னாராம். இவர், "கைதான் சார்" என்றுவிட்டார்.

"ஏங்க, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"ஒத்தைக் கையால நானே கட்டின சக்கரம்னு காலையில அத்தினி பேர்கிட்டயும் பீத்திக்கினேன். அது புட்டுக்கிச்சுன்னு எந்த வாயால சொல்றது? உன் கைன்னு சொல்லவும் மனசு வரலே. எது முந்தி வந்துதுன்னு எனக்கே தெரியலே சொர்ணம்."

"இப்பப் போய்ச் சொன்னா என்ன?"

"என் பையை வேற ஆள் மாட்டிக்கினு போறான்."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வடபழனிக்கு நடந்து போனேன். பிரகாரத்தைச் சுற்றக் கால் எழவில்லை. சன்னதியில் நின்றுவிட்டுத் திரும்பினேன். முருகன் மேல் கோபமா? இல்லை. அவன் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 3, வியாழன்

மரவாடியில் அவருக்குக் காவல் வேலை கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். வண்டி வந்தால் கதவைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும்.

மத்தியானச் சோற்றை நான் கொண்டு போகிறேன். வீட்டில் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டுவிடுவார். அங்கே, ஆட்கள் நடுவில், இடது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறார். முதல் வாரம் சோறு அப்படியே திரும்பி வந்தது. இப்போது அடுக்கிய பலகைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறோம்.

இன்று மோர்க்குழம்பு. நாலாவது உருண்டை கொடுக்கும்போது கட்டை ஏற்றிய வண்டி வந்து, வண்டிக்காரன் குரல் கொடுத்தான். "இரு" என்று கண்ணால் காட்டிவிட்டு, வாயில் சோற்றோடு போய்க் கதவைத் திறந்து, வண்டி உள்ளே வந்ததும் மூடிவிட்டு வந்தார்.

யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.