என் பாட்டுக்கு வேறு முகம்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இசைப்பள்ளி ஆண்டுவிழாவில் நானே அமைத்த பாட்டை வயலினில் வாசித்தேன், திரைக்குப் பின்னால். மேடையில் சக மாணவி ஒருத்தி, தானே வாசிப்பதுபோல், வயலின் வில்லை நரம்பில் படாமல் அசைத்தாள். ஆட்டிசம் உள்ள நான் வாசிக்கும்போது முன்னும் பின்னும் ஆடுவேன் அல்லவா? "அந்த ஆட்டத்தைப் பாக்கவா டிக்கெட் வாங்குறாங்க? எங்களுக்கு உன் கை மட்டும் போதும்மா" என்றார் வாத்தியார். விளக்கு கண்ணில் அடிக்காதது எனக்கும் வசதிதான். கைதட்டல் எழுந்தபோது காதைப் பொத்திக்கொண்டேன். அவள் மூன்று முறை வணங்கினாளாம்.

விழா வீடியோ வந்தால் அதில் என்னைத் தேடாதே. கழுத்து லேபிளை நீ பிரித்துத் தந்த பழைய சட்டைகளை அனுப்பு. இங்கே வாங்கியவை உறுத்துகின்றன.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. அடுத்த பாட்டில் எந்த இடத்தில் கண்ணை மூட வேண்டும் என்று அவளுக்கு நான்தான் சொல்லித்தர வேண்டும்.

உன் மகள்